இருபது செபமும் ஓர் ஊசியும்

1. தொடை

மன்னார் ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டில் அட்டெண்டனாக நான் சேர்ந்த முதல் கிழமையே, நறுவிலிக்குளத்திலிருந்து வயல் செய்யும் ஒரு கமக்காரப் பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். நாடியை எண்ண முடியாத அளவுக்கு நெஞ்சு ஓடியது. டொக்டர் இல்லாத குறைக்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா டிஜோக்சின் மருந்தைத் தொடைத் தசையில் ஏற்றினார். அவருக்கு அது அரை நிமிஷ வேலை. நெஞ்சு அடங்கப் பின்னேரமாகிவிட்டது. தொடை பலாக்காய் போல வீங்கியது. வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பெண் நொண்டிக்கொண்டே அவரிடம் வந்தாள்.

"ஐயா, நெஞ்சு நல்லா நடக்குது. இனிக் காலுக்கு ஒரு மருந்து தாங்கோ."

2. நரம்பு

அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளம் டொக்டர் வந்தார். நரம்பில் ஏற்றினால் அரை மணித்தியாலத்தில் குணம் தெரியும் என்றார். ஆனால் ஐந்து நிமிஷம் எடுத்து, மெல்ல மெல்ல ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சு நின்றே போகலாம்.

சில மாதம் கழித்து அதற்கு முதலில் வாய்த்தவர் பள்ளிமுனையில் மீன் விற்கும் சிசிலியாக்கா. வாய்க்குப் பேர்போனவர். அன்று சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது.

வார்டு மணிக்கூடு உப்புக்காற்றில் நின்று பல மாதம். டொக்டர் தன் கைமணிக்கூட்டைத் திருத்தக் கொடுத்திருந்தார். ஐந்து நிமிஷத்தை எண்ணத் தெரியுமா என்று கேட்டார். செபக் கணக்குத்தான் தெரியும், மாதாவின் செபம் ஒன்று கால் நிமிஷம் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் சைவ சமயத்தவர், எங்கள் செபம் அவருக்குத் தெரியாது. அப்படியென்றால் இருபது சொல்லும்படி சொல்லிவிட்டு ஊசியைக் குத்தினார்.

நான் வாய்க்குள்ளே தொடங்கினேன்.

"ரோசலின், எனக்குக் கேக்கவேணும். சத்தமாச் சொல்லுங்கோ."

அந்தச் செபம் மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளக் கேட்டு முடியும். மூன்றாவது தரம் சொல்லும்போதுதான் அது எனக்கே உறைத்தது. நான்காவதில் சிசிலியாக்கா மற்றக் கையால் என் சேலையைப் பிடித்தார்.

"பிள்ளை, நான் போறனா?"

பதில் சொன்னால் கணக்குப் பிழைக்கும். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஐந்தாவதைத் தொடங்கினேன். இனி ஒன்றும் செய்யமுடியாது என்று நான் தலையாட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார். பாவமன்னிப்புக் கேட்கக் குருவானவரைக் கூப்பிட நேரமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, டொக்டர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட வீட்டுக்கு அறக்குளா எண்டு தந்ததெல்லாம் கட்டா."

கட்டா பாதி விலை மீன்; துண்டு போட்டுவிட்டால் அறக்குளா போலவே இருக்கும். மன்னார் அறக்குளாவைப் போல எங்கும் இல்லை என்று மாதக்கணக்காக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவர் டொக்டர். முகம் சிவந்தது. பெருவிரல் தன்பாட்டில் அழுத்தியது. கண்ணாடிச் சிரிஞ்சில் மருந்து இறங்குவதை நான் பார்த்தேன். ஏழாவது செபம்தான் முடிந்திருந்தது. பத்தாவதில் வரவேண்டிய பாதிக்கு மருந்து அப்போதே வந்துவிட்டது. அன்றுவரை "ஓம் ஐயா" தவிர வேறொன்றும் எந்த டொக்டருக்கும் நான் சொன்னதில்லை.

"டொக்டர், விரலை எடுங்கோ. இப்பதான் ஏழு."

வார்டு முழுவதும் கேட்டது. அவர் விரலை எடுத்தார். பத்தாவது முடியும்வரை கை அசையவில்லை. அந்த மூன்று செபத்துக்குள் சிசிலியாக்கா, அப்போதிக்கரி ஐயா வீட்டுக்குக் கொடுத்த பழைய நண்டுக்கும் மன்னிப்புக் கேட்டு முடித்தார்.

அரை மணித்தியாலத்தில் நாடி அடங்கியது. பிழைத்துவிட்டோம் என்று தெரிந்ததும் சிசிலியாக்கா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வீடு போன மறு கிழமை, தலையும் வாலும் வெட்டாத ஓர் அறக்குளா டொக்டர் வீட்டுக்கு வந்தது.

3. வாய்ப்பாடு

தொடையைவிட நரம்பு நல்லது. ஆனால் பக்கத்தில் நின்று எண்ணுகிறவருக்கு வாய் இருக்கவேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயந்தாலும் எண்ணுங்கள், பிழை கண்டால் கேட்கும்படி சொல்லுங்கள்.

சிசிலியாக்காவின் அந்த நாளுக்குப் பிறகு, செபம் கேட்டு நோயாளர் பயப்படாமல் இருக்க, டொக்டர் என்னை வாய்ப்பாடு சொல்லி எண்ணப் பழக்கினார். மறு வருடம் சிசிலியாக்கா அதே படபடப்போடு வந்தார். நான் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உந்த வாய்ப்பாட்டை விடு பிள்ளை. செபத்தைச் சொல்லு. இந்தமுறை என்னட்டை ஒளிக்க ஒண்டுமில்லை."

டொக்டர் ஊசியைக் குத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப போன கிழமை தந்தது அறக்குளாதானே?"

சிசிலியாக்கா கூரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ வாய்ப்பாட்டையே சொல்லு, பிள்ளை."