பீடி நூலில் போட்ட கோடு

சில வருடங்களுக்கு முன்பு, பேரணாம்பட்டில், ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் படபடப்பு வந்துவிடும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். என் கணவருக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடுதான். ஆணி அடிக்கக்கூட ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும். எப்படியோ பணம் புரட்டிச் சின்னதாக ஒரு மனை வாங்கிவிட்டோம். 'அடுத்த கிறிஸ்துமஸ் ஸ்டார் நம் வீட்டு வாசலில்தான்' என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டேன். வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? கட்டட அனுமதி வந்தால்தான் பேங்க் லோன், லோன் வந்தால்தான் அஸ்திவாரம். அந்த வெள்ளிக்கிழமை நகராட்சி ஆபீஸிலிருந்து இடம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முதல் நாளே இன்ஜினியர் வந்து, பிளானில் உள்ளபடி சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி, நீளத்துக்கும் ஒரு பட்டை நிலம் சும்மா கிடந்தது. என் வயிறு எரிந்தது. தோலில் ஒரு விரல் அகலம் வீணானாலும் கட்டர்களைக் கேள்வி கேட்கிற ஆள் நான். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் இடைவெளியே தெரியக் கூடாது என்பதுதான் என் பிழைப்பு. சொந்த மனையில் இவ்வளவு வேஸ்ட்டா? கோடு கொத்தனாருக்குத்தானே என்று நினைத்து, அதைக் காலால் அழித்துவிட்டு, மிச்சமிருந்த சுண்ணாம்பையெல்லாம் கொட்டி, அந்தச் சுவரை ஒட்டியே புதுக் கோடு போட்டேன். கூடத்தில் இன்னொரு சோபா போடலாம் என்று பூரிப்பு வேறு.

மறுநாள் மதியத்துக்கு முன்பே அந்த அதிகாரி அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மனையை ஒரு சுற்று பார்த்தார். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஓர் அக்கா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அந்த ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. "இவங்க வீடு கட்றதுல உங்களுக்கு எதுனா ஆட்சேபணை இருக்காம்மா?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

அந்த அக்கா என் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. அவங்க நெலம், அவங்க கட்டட்டும்" என்றார்.

ஆனால் அதிகாரி விடவில்லை. பிளானில் இடம் விட்டிருக்கிறது, கோடு சுவர் மேலேயே போகிறதே, எது நிஜம் என்று கேட்டார். லீவு போட்டுவிட்டுக் கூட நின்றிருந்த என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். பக்கத்துத் தெருவில் இன்னொரு இடம் பார்த்துவிட்டு வருவதாகவும், அதற்குள் சரியான கோடு இல்லையென்றால் ஃபைல் திரும்பிவிடும் என்றும் அதிகாரி சொன்னார். திங்கள்கிழமையிலிருந்து அவர் டிரெய்னிங் போகிறாராம். அப்புறம் எப்போது வருவாரோ. கிறிஸ்துமஸ் ஸ்டார் என் கண்ணெதிரே அணைந்துபோனது.

கணவர் சுண்ணாம்பு வாங்க வண்டியை எடுத்துப் பறந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரம். எங்கள் ஊரில் அப்போது எந்தக் கடை ஷட்டர் திறந்திருக்கும்? இன்ஜினியரும் போனை எடுக்கவில்லை. சரி, குச்சி நட்டுக் கயிறாவது கட்டலாம் என்று, கயிறு கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

உள்ளே நுழைந்ததும் ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு இருட்டு. மூன்று பக்கமும் வீடுகள் நெருக்கிக்கொண்டிருந்தன. அந்த ஒரே ஜன்னலிலிருந்து விழுந்த வெளிச்சத்தில்தான் முறம், இலை, தூள் எல்லாம் இருந்தன. அந்தச் சதுர வெளிச்சத்துக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். நான் சுவர் எழுப்பியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

"ஜன்னல் மூடிடும்னு தெரிஞ்சும் ஏங்க்கா ஒண்ணும் சொல்லல?"

"வாடகை வீட்ல கஷ்டப்பட்டுகினு வீடு கட்ட வர்ற. அந்த நேரத்துல குறுக்க நின்னுகினு வேணாம்னு சொன்னா நல்லா இருக்குமா? நான் லைட்டு போட்டுக்குவேன்" என்றார். பிறகு, "கயிறு இல்ல. இத எடுத்துக்க, தூரத்துலயே தெரியும்" என்று பீடிக் கட்டுக்குச் சுற்றுகிற சிவப்பு நூல்கண்டைக் கையில் திணித்தார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டப்பந்தயம்தான். வெறுங்கையோடு திரும்பிய கணவர் வேலியிலிருந்து குச்சி உடைத்தார். நான் கைப்பையிலிருந்த கம்பெனி டேப்பை உருவினேன். டேப்பின் முனையை அந்த அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தன் வீட்டுச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் தள்ளு, பிளான்ல எவ்வளவோ அவ்வளவே வுடு, ஜாஸ்தி வேணாம்" என்று மேஸ்திரிக்கு மேல் அதட்டல் வேறு. கடைசி முடிச்சுப் போடும்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அதிகாரி சிவப்பு நூலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அளந்தார். "இப்ப சரி" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அனுமதி வந்த செய்தி போனில் விழுந்தபோது நான் கட்டிங் டேபிளில் நின்றிருந்தேன். நான் போட்ட கூச்சலில் மெஷின்களை நிறுத்திவிட்டு என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

சொன்னபடியே அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசலில் ஸ்டார் தொங்கியது. அந்தப் பட்டை நிலம் அப்படியேதான் இருக்கிறது. என் சமையலறை ஜன்னல் அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே. நான் கேக் நீட்டுவேன், அவர் ரம்ஜானுக்குப் பாயசக் கிண்ணத்தை நீட்டுவார். கம்பெனியில் இன்றும் ஒரு விரல் தோல் வீணானால் சத்தம் போடுகிற நான், காலையில் அந்த முறத்தின் மேல் வெயில் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: எங்கள் வீட்டுக்கு அனுமதி கொடுத்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவரிடம் நாங்கள் விண்ணப்பமே போடவில்லை.