பள்ளத்துப் பக்கம் அடித்தால் அவுட்

கிரிக்கெட் என்றாலே எனக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மிளகுக்கொடியும் மரவள்ளியும் கிடந்தால் கிடக்கட்டும் என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக் கட்டிக்கொண்டவளுக்கு வேறு எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட நான் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு புத்தகம் முழுக்கப் படித்தேன் என்றால், அது தபால் வழியில் எம்.ஏ. படிக்கப் போய் வந்த வினை. பாடத்தில் வைத்திருந்தார்கள், படித்தேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட ஒரு தீவில் பிறந்த கறுப்பர் எழுதிய பழைய புத்தகம். பாதி எனக்குப் புரியவில்லை. ஒருவர் மட்டை பிடிக்கும் அழகுக்கே பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். புரிந்த பாதிதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கறுப்பர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கேப்டன் மட்டும் வெள்ளைக்காரராகத்தான் இருப்பாராம். இவர் பத்திரிகையில் எழுதி எழுதி, அது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் வெள்ளக்காரன் காலத்துக் கத புள்ள" என்று சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இவர் ஆடுவது மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி அணியில். மலைமேல் வாழவந்தி நாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர், மீதி அடிவாரத்துக்காரர்கள். வேன், பந்து, ஜெர்சி எல்லாம் அடிவாரத்தில் பெரிய தோட்டம் வைத்திருக்கும் தோட்டக்காரர் ஒருவர் கொடுப்பது. கேப்டன் அவருடைய மூத்த மகன். அணியிலேயே நன்றாக ஆடுகிறவர் என் வீட்டுக்காரர்தான் என்று அந்த மகனே சொல்வார். ஆனாலும் இவர் ஏழாவதாகத்தான் இறங்குவார். மலைக்காரர்கள் பந்து போடுவார்கள், வெயிலில் கோட்டோரம் நின்று பொறுக்கிப் போடுவார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்திதான். அதனாலேயே இது யார் கண்ணுக்கும் படவில்லை.

போன தை மாதம் பக்கத்து ஊரில் இறுதி ஆட்டம். மூத்த மகன் மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். தோட்டக்காரர் இளைய மகனைக் கேப்டன் என்று சொல்லிவிட்டார். அந்தத் தம்பிக்குப் பந்து எதிரே வந்தாலே கண் மூடிக்கொள்ளும். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு, நானும் போயிருந்தேன். சும்மா இருக்கிற வாயா இது? வேன் பக்கத்தில் நின்ற தோட்டக்காரரிடம் போய், எங்கள் வீட்டுக்காரர் ஏன் கேப்டனாக இருக்கக் கூடாது என்று கேட்டேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தோட்டக்காரர் கோபப்படவில்லை. "எல்லாம் நம்ம பசங்கதான் கண்ணு. கேப்டன் ஆரா இருந்தா என்ன?"

"ஆரா இருந்தாலும் ஒண்ணுதான்னா, இவரே இருக்கட்டுமுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டார்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. இவர் மூன்றாவதாக இறங்கிக் கடைசிவரை நின்றார். கடைசிப் பந்தில் நான்கு ரன் வேண்டும். பந்து கால் பக்கமாக வந்தது. அந்தப் பக்கம் கோடு கிட்டத்திலேயே இருந்தது, தூக்கி அடித்தால் தாண்டிவிடும் என்று எனக்கே தெரிந்தது. இவர் தரையோடு தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினார். தோற்றோம்.

ஏன் என்று எனக்குத் தெரியும். மலையில் இவர்கள் ஆடும் இடத்தில் கால் பக்கம் பூராவும் பள்ளம். பந்து அங்கே உருண்டு காப்பித் தோட்டத்துக்குள் போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அதனால் அந்தப் பக்கம் தூக்கி அடித்தால் அவுட் என்று ஊரே வைத்துக்கொண்ட சட்டம். சின்ன வயதிலிருந்து அதற்குப் பழகிய கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

திரும்பும்போது வேனில் இளைய மகன், கேப்டன் வேலையெல்லாம் எல்லோருக்கும் வராது என்றான். அவன் அண்ணன் தோற்றபோதெல்லாம் பிட்ச் சரியில்லை என்றுதான் பேச்சு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் தோற்றதும் கூடம் நேராகிவிட்டது, ஆள் கோணலாகிவிட்டார். ஒருமுறை கொடுத்துப் பார்த்தோம் என்று சொல்லி இனி எந்த மலைக்காரனுக்கும் தரமாட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து இவர் பேசினார்.

"தப்பு என்னுதுதானுங்க. அத தூக்கி அடிச்சிருக்கோணும். அடுத்த வருசம் அடிக்கறேன். கேப்டனும் நாந்தானுங்க."

கேட்கவில்லை, சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த வேனில் இவர் தனக்கென்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டக்காரர் திரும்பி இவரைப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார்.

இப்போது மலையில் எங்கள் ஆட்கள் அந்த ஊர்ச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். பள்ளத்துப் பக்கம் அடிக்கலாம், ஆனால் அடிக்கிறவர் வீட்டு ஆள்தான் பந்தை எடுத்துத் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கிறேன். மிளகுக்கொடி கிடந்தால் கிடக்கட்டும். கிரிக்கெட் எனக்கு இன்னும் ஆகாது. பந்து என் தலைக்கு மேலே போகாத ஒவ்வொரு முறையும், இன்னும் தூக்கி அடிங்க என்று கீழேயிருந்து கத்துகிறேன்.