முறை நாளில் போன மாடுகள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. செத்துப்போன கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். இத்தனை பேரை வளர்த்த கைக்கு எழுத்து மட்டும் பிந்தித்தான் வந்தது. மெதுவாகத்தான் எழுதுவேன்.

கம்பத்துக்கு மேற்கே புளியந்தோப்புக்குள் மதுரை வக்கீல் ஒருவருக்கு ஓட்டு வீடு இருந்தது. யுத்தம் வருவதற்கு முந்திய வருஷங்கள். கோர்ட்டுக்கு லீவு விட்டதும் சித்திரையில் குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் இருப்பார்கள். மற்ற மாதமெல்லாம் வீட்டைக் காத்தது நானும் என் வீட்டுக்காரரும். அதற்காகப் பின்னால் கிடந்த நிலத்தை எங்களுக்குப் பயிர் செய்ய விட்டிருந்தார்கள்.

வருகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள் காற்றே போதும். மூன்றாம் நாள் காலையில், இங்கே என்ன பார்க்கலாம், எங்கே போகலாம் என்று தொடங்கிவிடுவார்கள். நுங்கு வெட்டித் தர வேண்டும். ஆற்றில் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடத்தைக் காட்ட வேண்டும். புளியமரத்தில் ஊஞ்சல் கட்டினால் கயிறு உறுத்துகிறது என்பார்கள். சும்மா இருக்க வந்தவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் எங்கள் வண்டியும் எங்கள் இரண்டு மாடுகளும்தான்.

அந்த வருஷம் நான் மிளகாய் போட்டிருந்தேன். பூவெடுத்த நேரம். கிணறு ஐந்து வீட்டுப் பங்கு. ஐந்து நாளைக்கு ஒருமுறை எங்கள் முறை வரும். அன்று மாட்டைக் கமலையில் பூட்டி இறைத்தால் உண்டு. தவறினால் அடுத்த சுற்றுதான். அந்த வெயிலில் பத்து நாள் தண்ணீர் இல்லாமல் பூ நிற்காது.

எங்கள் முறை நாளில் வக்கீல் வீட்டம்மா சுருளி அருவிக்குக் கிளம்பினார்.

"அம்மா, இன்னைக்குக் கெணத்துல எங்க மொறை. நாளைக்குப் போங்களேன்."

"நாளைக்கு நீ எறைச்சுக்கோயேன். கெணறு எங்க ஓடிப்போகுது?"

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் வண்டியைப் பூட்டிவிட்டார். "ஏ புள்ள, வருசத்துக்கு ஒரு மாசம் வர்றாக. மாட்டேன்னு எப்படிச் சொல்ல?"

"வாயால சொல்லணும்" என்றேன். வண்டி போய்விட்டது.

வண்டியில் இடமில்லாமல் தங்கியவர்கள் ஆறு பேர். வக்கீலின் மச்சினரும் அவருடைய சேக்காளிகளும். எல்லாரும் வாட்டசாட்டமான ஆட்கள். பொழுது போகவில்லை என்று என்னிடமே வந்து சொன்னார்கள். எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ, "கமலை இழுத்துப் பாக்கீகளா?" என்று கேட்டுவிட்டேன்.

சந்தோஷமாக வந்தார்கள். கமலைச் சரிவில் வடத்தைப் பிடித்து ஆறு பேரும் இறங்கினால் கிணற்றுக்குள்ளிருந்து இரும்புச் சால் மேலே வரும். அதன் அடியில் தைத்திருக்கும் தோல் வால் வழியாகத் தண்ணீர் கொட்டும். பிறகு வடத்தை விடாமல் பின்பக்கமாகவே நடந்து ஏற வேண்டும். மாட்டுக்குப் பழகிய வேலை அது. இவர்களுக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வரப்பில் நின்று பார்த்தார். அவரும் கிணற்றில் பங்காளி.

"ஏத்தா, புது மாடு பிடிச்சிட்ட போல. புல்லுத் திங்குமா, இட்லி திங்குமா?"

"இழுக்குதான்னு மட்டும் பாருங்க பெரியப்பா."

மூன்று சால் நன்றாகவே வந்தது. முதல் பாத்தி நனைந்தது. நான்காவது சாலில் மச்சினர் திரும்பிப் பார்த்து, "ஆகா, நாம இழுத்த தண்ணி எப்படிக் கொட்டுது பாருங்கய்யா" என்றார். பார்ப்பதற்காக ஆறு பேரும் வடத்தை விட்டுவிட்டார்கள். சால் கிணற்றுக் கல்லில் இடித்து இடித்து விழுந்தது. மேலே தூக்கியபோது தோல் வால் கிழிந்து தொங்கியது.

"நாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டார் மச்சினர். போய்க் காப்பி குடியுங்கள் என்றேன்.

ஐந்து வீட்டுக்கும் பொதுவான சால் அது. வாலைத் தைத்து முடிக்கும் வரை மூன்று நாள் யாரும் இறைக்கவில்லை. உடைத்த வீடு மிச்ச முறையைக் கேட்காமல், மற்ற நான்கு வீடும் இறைத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கிணற்று வழக்கம். பெரியப்பா அதைச் சொல்ல வரும் முன்னே நானே ஒத்துக்கொண்டேன். யாரும் எனக்கு நியாயம் எடுத்துச் சொல்ல நான் விட்டதில்லை. ஆனாலும் தினமும் விடிந்ததும் பாத்திக்குள் போய் நிற்பேன். உதிர்ந்த பூ காலில் ஒட்டும்.

மாதம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது வக்கீல் வீட்டம்மா ஒரு கூடையை நீட்டினார். "உன் தோட்டத்து மொளகா கொஞ்சம் பறிச்சுக் குடு. ஊறுகாய்க்கு ஆகும்."

கூடையை நான் வாங்கவில்லை. "வாங்கம்மா, நீங்களே பறிச்சுக்கோங்க" என்று கூட்டிப் போனேன். நனைந்த ஒரு பாத்தியில் மட்டும் நாலைந்து காய் இருந்தது. மற்ற பாத்திகளில் வெறும் குச்சி. அவர் பார்த்துவிட்டு, "அன்னைக்கே வெவரமாச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேம்மா" என்றேன்.

இவ்வளவுதான். பேத்தி, நீ இங்கன உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்துக் காட்டு. நான் அந்த அம்மாவுக்குப் பதில் சொன்ன இடத்தில் குரலை ஏற்றாதே. நான் ஏற்றிச் சொல்லவில்லை.