நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கு

போன பிப்ரவரியில் நான் புனே போனது ஊர் பார்க்க அல்ல. கட்கியில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஸ்டெல்லா அக்காவைப் பற்றி அவள் மகள் ஜெனி போன் செய்தாள். "சித்தி, அம்மாக்கு நாக்ல கேன்சர். கட் பண்ணிட்டாங்க." நாக்கையே வெட்டிவிட்டார்களா? அக்கா பள்ளியில் பாட்டு டீச்சர்.

சென்னையிலிருந்து ரயிலில் இருபது மணி நேரம். மெல்ல முடியாதவளுக்கு என்று இரண்டு கிலோ சத்துமாவு சுமந்து போனேன். புனே ஸ்டேஷனிலிருந்து கட்கிக்கு ஆட்டோ நூற்று முப்பது ரூபாய். நீங்கள் லோக்கல் ரயிலில் போங்கள், ஐந்தே ரூபாய்.

"ஏட்டி, எதுக்கு இம்புட்டு மாவு?" என்றாள் அக்கா, கணீரென்று. அப்புறம்தான் புரிந்தது. ஹிந்தியில் 'நாக்' என்றால் மூக்கு. கட்கியிலேயே வளர்ந்த ஜெனியின் தமிழ் அந்த லட்சணம்.

ஆனால் அக்கா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நெற்றித் தோலைக் கீழே திருப்பி மூக்காகத் தைத்திருந்தார்கள். ரத்த ஓட்டத்துக்காகப் புருவத்திலிருந்து மூக்குவரை விரல் தடிமனில் ஒரு தோல் பாலம். மூன்று வாரம் கழித்துத்தான் அதை அறுப்பார்கள். பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெனிக்கு நிச்சயதார்த்தம்.

"இந்தத் தும்பிக்கையோட சம்பந்தி முன்னால நிக்கவா? நாளைக்கே வெட்டச் சொல்லுதேன். இல்லன்னா ரூமை விட்டு வரமாட்டேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனோம். இப்போது அறுத்தால் மூக்கு கருகிவிடும் என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். இருநூறு வருடங்களுக்கும் முன்னால், போரில் பிடிபட்டு மூக்கறுபட்ட ஒரு மாட்டுவண்டிக்காரருக்குப் புனேக்காரர் ஒருவர் இதேபோல மூக்கு செய்தாராம். குயவர் என்கிறார்கள்; பெயர் தெரியவில்லை. அந்தச் செய்தி லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்து அங்குள்ள டாக்டர் ஒருவர் செய்து பார்த்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அது ஒரு தொடக்கம்.

"அந்த இடத்தைப் பாத்துட்டுப் போவோம்," என்றாள் அக்கா. எந்த இடம் என்று டாக்டருக்கும் தெரியாது. குயவர் தெருவான கும்பார்வாடாவையாவது பார்க்கலாம் என்று அவள் முகத்தில் ஸ்கார்ஃபைச் சுற்றிக் கிளம்பினோம். மூக்கு டாக்டர் இடம் என்றதும் ஆட்டோக்காரர் எந்த டாக்டர் என்று ஹிந்தியில் கேட்டார். பெயர் தெரியாது என்றேன். "பேர் தெரியாத டாக்டர்கிட்டயா போறீங்க?" என்று பதறிவிட்டார், பாவம்.

அங்கே சிலையும் இல்லை, பலகையும் இல்லை. பானைகள் காய்ந்துகொண்டிருந்தன. போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது.

அக்கா காயும் பானை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "மயக்க மருந்து இல்லாத காலம்லா? அந்த வண்டிக்காரனும் இப்படித் தொங்கவிட்டுக்கிட்டுத்தானே அலைஞ்சிருப்பான்?" என்றாள். அவர் பொறுத்துக்கொண்டதால்தான் உலகம் கற்றுக்கொண்டது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மருத்துவரைத் தேடி வந்த நான் நோயாளியை நினைக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஸ்கார்ஃப் இல்லாமல் கூடத்துக்கு வந்தாள். சம்பந்தியம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். அக்கா அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள்:

"புது மூக்கு. இன்னும் வேலை முடியல. நல்லாப் பாத்துக்கிடுங்க."