ரிசீவரா, காதா?

எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஒரே வழக்கு. இடது பக்க ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று நான் சொல்வேன். பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது, உங்கள் காதுதான் கெட்டுவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

செட் பழைய ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவர். சேத்தூரில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவரிடம் வாங்கினேன். அலுமினிய முகப்பு, கண்ணாடிக்குப் பின்னால் பச்சை விளக்கு, கைக்கு அடக்கமாகச் சுழலும் பெரிய குமிழ். காலையில் ரேடியோ கேட்பேன். மத்தியானம் செல்போனை ஒயரில் இணைத்துப் பாட்டு கேட்பேன். மில்லை விட்ட பிறகு எனக்கென்று நான் வாங்கிக்கொண்ட பொருள் அது ஒன்றுதான்.

காது என்று அவள் சொன்னது என்னைச் சுட்டது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். எந்த மிஷினில் பேரிங் தேய்கிறது என்று இரண்டு வரிசை தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். என் பிழைப்பே காதில்தான் ஓடியது. ஆனால் என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்று தெருவுக்கே கேட்கும்படி டிவி வைக்கிறார்கள். எனக்கும் அப்படி ஆகிவிட்டதோ என்று உள்ளுக்குள் பயம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு நிமிடம் கேட்கச் சொல்லியிருந்தால் வழக்கு தீர்ந்திருக்கும். கரகரப்பே இல்லையே என்று அவரும் சொல்லிவிட்டால்? அதனால் கூப்பிடவில்லை.

பதிலாக, எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். மில்லில் வேண்டாத சத்தம் கேட்டால் முதலில் எண்ணெய் விடுவோம், அப்புறம்தான் யோசிப்போம். வால்யூம் குமிழைக் கழற்றி, அதன் தண்டு இறங்கும் இடத்தில் ஸ்பிண்டில் ஆயில் நாலு சொட்டு விட்டேன். மறுநாளிலிருந்து செய்தி வாசிப்பவர் வாய் நிறையப் பொரிகடலையோடு பேசுவது போல இருந்தது. அதுவும் இப்போது இரண்டு பக்கமும்.

"இப்ப எப்படி இருக்கு, சொல்லேன்" என்று செட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டு அவளைக் கேட்டேன். பதில் இல்லை. வழக்கில் தோற்கப் போகிறவள் எப்படிப் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய செட் பார்க்கிற மெக்கானிக்கிடம் போவது. கோளாறு செட்டில் என்றால் அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். செட் நன்றாக இருக்கிறது என்றால் நான் அதே தெருவில் இருக்கும் காது டாக்டரிடம் நேராகப் போக வேண்டும். செட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் தோற்பதைப் பார்க்க அவளும் வந்தாள்.

மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். மேல்மூடியைக் கழற்றியதும் சிரித்தார்.

"அண்ணாச்சிக்கு மில்லுலயா வேல?"

"எப்படித் தெரியும்?"

"வால்யூமுக்குள்ள எண்ணெய் விடுததுக்கு வேற யாரு இருக்கா? ராஜபாளையத்துல இருந்து வார செட்டெல்லாம் எண்ணெய் தேச்சிக் குளிச்சிட்டுத்தான் வருது."

ஒரு ஸ்ப்ரேயை அடித்து என் எண்ணெயைக் கழுவி, கடை ஸ்பீக்கர் பெட்டிகளில் மாட்டிப் பாட்டுப் போட்டார். பொரிகடலைச் சத்தம் போயிற்று. இடது பக்கத்துப் பழைய கரகரப்பு மட்டும் மிஞ்சியது, அதாவது என் காதுக்கு. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் போட்டார். இப்போது கரகரப்பு வலது பெட்டியில் வந்தது.

"செட்டுதான் அண்ணாச்சி. கரகரப்பு எனக்கும் நல்லாக் கேக்குது. ஒயரு கூடவே போகுது பாருங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடிக்காததுதான் குறை. அவர் செட்டுக்குப் பின்பக்கம் குனிந்து எதையோ தட்டியபடி, "அக்கா, இப்ப எந்தப் பக்கம் கரகரங்குது? நீங்களே சொல்லுங்க. அண்ணாச்சி சொன்னா சரிப்படாது, அவிய கட்சிக்காரரு" என்றார்.

அவள் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மறுபடி கேட்டார். அப்போதும் அவள் திரும்பவில்லை. மெக்கானிக் நிமிர்ந்து அவளுக்கு நேராகக் கேட்டதும் உடனே பதில் சொன்னாள்: "எந்தப் பக்கமும் இல்லையே தம்பி. நல்லாத்தான பாடுது?"

என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைப்பது போல வாயை மறைத்துக்கொண்டு, "ஏட்டி, வடை சாப்பிடுவமா?" என்றேன். ஒரு கை தூரத்தில்தான் நின்றாள். துண்டையே பார்த்தாள். துண்டு இறங்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவளும் மில்லில் இருந்தவள்தான், நூல் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில். அந்த இரைச்சலில் யார் குரலும் யாருக்கும் எட்டாது. உதட்டைப் பார்த்தும் விரலைப் பார்த்தும் கல்யாணப் பேச்சிலிருந்து மாமியார் சண்டை வரை பேசிக்கொள்வார்கள். அதில் இவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டிலும் என் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டு அவள் வராத போதெல்லாம், திமிர் என்று நினைத்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு பேரிங்கின் தேய்மானம் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ரிலே சுவிட்ச் இருந்தது. அதற்குள் முனைகள் கருத்துக் கிடந்தன. மெக்கானிக் அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினார். இரண்டு பெட்டியும் தெளிவாகப் பாடின. ஜெயித்தவன் நான்தான். செட்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, ஒரு வேப்பமரத்தடியில் நின்று, அவள் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"உனக்கு எப்பமிருந்து இப்படி?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். "மில்லை விட்ட பொறவுதான். கொஞ்சங் கொஞ்சமா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன். அவள் இன்னும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால், கையைத் தொட்டுத் திருப்பி மறுபடி கேட்டேன்.

"வெக்கமா இருந்துச்சுங்க. நீங்க கரகரங்குதுன்னு சொன்னதும் நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். உங்களக் காது டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போனா, சாக்கோட சாக்கா நானும் காட்டிக்கிடலாம்லா?"

டாக்டர் வீடு பத்துக் கடை தள்ளித்தான் இருந்தது. டோக்கன் கொடுக்கிற பெண் யாருக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"எனக்குத்தாம்மா. ரெண்டு மாசமா ஒரே கரகரப்பு" என்றேன். "கூட வந்துட்டாக, அப்படியே இவுகளுக்கும் ஒண்ணு எழுதிரு."