தேடியும் வராத பெயர்

சுனாமியில் கடல் வந்த அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்தில் பாதிப் புத்தகங்கள் போய்விட்டன. மீதி உப்புநீரில் ஊறிக் கிடந்தன. அவற்றைக் காயவைத்து, தாள் தாளாகப் பிரித்து, ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. இலவசமாகக் கிடைத்த ஒரு நூலக மென்பொருள் அது. எந்தச் சொல்லைக் கேட்டாலும் எல்லாப் புத்தகங்களிலும் தேடிக் கொடுக்கும். ஆனால் தாளின் படத்தை அதற்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தையும் நாங்களே தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குப் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். எங்கள் முஸ்லிம் வழக்கப்படி, அண்ணன் என்பதற்கு என்னை நானா என்பாள். நான் தங்கச்சி என்பேன்.

ஒரு நாள் கடற்கரை வீதியிலிருந்து, அக்கா முறையில் நாங்கள் அழைக்கும் ஒரு ராத்தா வந்தார். பத்தாம் வகுப்புப் படித்த மகளைக் கடலில் இழந்தவர். மகளின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"மகள் இஸ்கூல் புத்தகத்துல என்னமோ எழுதினவ தம்பி. இதுக்குள்ள இரிக்குமா?"

பெயரைத் தட்டினேன். இல்லை. அடுத்த கிழமையும் வந்தார். அப்போதும் இல்லை. மூன்றாம் முறை தங்கச்சி எழும்பி வந்து, "ஸ போடாம ச போட்டுப் பாருங்க நானா. பழைய புத்தகத்துல அப்பிடித்தான் இருந்தது" என்றாள்.

வந்தது. பழைய பள்ளி மலர் ஒன்றில், மழைநாள் பற்றி ஒரு பக்கக் கட்டுரை. ராத்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் நான் வாசித்தேன். உம்மாவின் குடையைக் கேட்காமல் எடுத்துப்போய்த் தொலைத்ததையும், சொல்லப் பயந்து நேரத்தோடு படுத்துவிட்டதையும் மகள் எழுதியிருந்தாள்.

ராத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"குடையக் காணல்ல எண்டு பக்கத்து வீட்டுப் புள்ளையத்தான் நான் ஏசின. இவ ஒண்டும் சொல்லல்ல."

அச்செடுத்த தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடியே போனார்.

வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாக ரேடியோ சொன்ன கிழமை, சந்தியில் வெடி கொளுத்தினார்கள். தங்கச்சி வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். அவளுடைய தம்பி வன்னியில் இருந்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மத்தியானம் தொழுதுவிட்டு வந்தபோது அவள் திரையில் தேடல் பெட்டி திறந்திருந்தது. அதில் ஓர் ஆணின் பெயர். கீழே, எதுவும் கிடைக்கவில்லை என்ற வரி. எழுத்தை மாற்றி மாற்றி நாலைந்து விதமாகப் போட்டுப் பார்த்திருந்தாள்.

"தெரியும் நானா, நாம ஏத்தாத பேர் வராது" என்றாள். "சும்மா போட்டுப் பாத்தன்."

நாலு வருடமாகப் பக்கத்து மேசையில் இருந்தவளின் தம்பிக்கு என்ன பெயர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.