வேல்விழி கேட்காத கேள்வி

வாசுதேவநல்லூரில் வேல்விழியின் வீட்டிலிருந்து அவளுக்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. திருநெல்வேலியில் சட்டம் படித்தாள். சென்னைக்குப் போய் வக்கீலாகப் பதிவு செய்தாள். அகில இந்திய பார் தேர்வை இரண்டாம் முறை எழுதித் தேறினாள். பிறகு தென்காசியில் குமரகுருவிடம் ஜூனியர். சில வருடங்களாக நீதிமன்றத்தில் அவள் பேசியது அநேகமாக ஒரே வாக்கியம்: "சீனியர் வந்துட்டிருக்காங்க அய்யா, பாஸ் ஓவர் வேணும்." வழக்கைச் சற்றுப் பிந்திக் கூப்பிடச் சொல்லும் விண்ணப்பம் அது. சீனியர் சொல்லாமல் ஜூனியர் அதற்கு மேல் வாய் திறப்பதில்லை.

அத்தை சங்கரேஸ்வரி வழக்குப் போட்டதே இவளை நம்பித்தான். மாமா செத்த பிறகு, எலுமிச்சைத் தோட்டம் தனக்கென்று அத்தையின் கொழுந்தன் செல்லச்சாமி ஓர் உயிலை நீட்டினார். அண்ணன் கையெழுத்துப் போடும்போது பக்கத்திலேயே நின்றாராம். ஆனால் உயில் எழுதியதாகச் சொன்ன அந்த வருடம் முழுக்க அவர் லடாக்கில் பட்டாளத்தில் இருந்தார். அண்ணன் சாவுக்கே லீவு கிடைக்கவில்லை.

"ஏட்டி வேலு, லடாக்குல இருந்துகிட்டு இங்கன போட்ட கையெழுத்த எப்படிவே பாத்தீருன்னு கேளு. மூஞ்சி செத்துரும்," என்றாள் அத்தை.

"சீனியர் கேப்பாவ அத்தை."

செல்லச்சாமியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாளன்று குற்றாலத்தில் சாரல். விருந்தாளிகளோடு ஐந்தருவிக்குப் போன குமரகுரு போனில் சொன்னார்: "ஒரே கூட்டம்மா. பாஸ் ஓவர் வாங்கி வையி. நீ எதையும் ஆரம்பிச்சிராத."

நீதிபதி ஏற்கெனவே ஒருமுறை தள்ளி வைத்திருந்தார். "கவுன் போட்டிருக்கீங்கல்ல? நீங்களே விசாரிங்க."

கேள்வி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கூண்டில் செல்லச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வேல்விழி எழுந்தாள்.

"சீனியர் வந்துட்டிருக்காங்க அய்யா."

குறுக்கு விசாரணை இல்லை என்று பதிவாயிற்று. செல்லச்சாமி மீசையைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்.

வெளியே அத்தை கேட்டாள்: "என்னட்டி, ஒண்ணுமே கேக்கலியே?"

சாட்சியைத் திரும்ப அழைக்கக் கேட்ட மனு தள்ளுபடியானது. பின்னால் வழக்கும் போனது. அன்று தன் வாயைக் கட்டியது மரியாதையா, பயமா? அந்த இடத்தில் பேசும் உரிமை தனக்கு உண்டென்று அவளே நம்பவில்லையோ? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அத்தை இப்போது அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் காய் பறிக்கிறாள். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரியிடம் வேல்விழியைக் காட்டிச் சொன்னாள்: "எங்க அண்ணன் மவ. தென்காசி கோர்ட்டுல வக்கீலா இருக்கா."

வேல்விழி இலையை மூடிவிட்டு எழுந்தாள்.